ஆங்கில வினைமுடிபும் தமிழிலக்கணமும்

மதுரைப் புதுநத்தம் சாலையில் 2023-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15-ஆம் நாள் திறக்கப்பெற்ற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துட் புகுந்து நோக்குவார்க்கு ஒரு காட்சி தவறாது புலனாகும். மேலூரினின்றும், உசிலம்பட்டியினின்றும், சோழவந்தானினின்றும், திருமங்கலத்தினின்றும் காலைப் பேருந்தில் வந்திறங்கிய இளைஞரும் நங்கையரும் போட்டித் தேர்வு நூல்களை விரித்து வைத்துக்கொண்டு தலை குனிந்திருப்பர். கணக்கிற் சளையாதவர் அவருட் பலர். வரலாற்றை வினவின் ஆண்டும் நாளும் பிறழாது உரைப்பர். ஆயின், ஆங்கிலப் பகுதியைத் திறந்தவுடன் அவர் முகம் சுருங்கும். ஆங்கும் அவரை மிகுதியும் மயக்குவது அருஞ்சொல்லன்று, ஓர் எழுத்தேயாம். வினைச்சொல்லின் இறுதியில் 'எஸ்' என்னும் எழுத்து வருமோ, வாராதோ என்னும் ஐயமே அம்மயக்கம்.

எழுவாய்க்கு இயையப் பயனிலை ஈறு கொண்டு நிற்றலை நம் முன்னோர் முடிபு என்றனர். ஆங்கிலத்தார் அதனை 'அக்ரிமெண்ட்' என்பர். பிழை கண்டுபிடி என்று வினவும் தேர்வுகளிலெல்லாம் இம்முடிபு பற்றிய வினா இடம்பெறுகின்றது. மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வின் முதற்படியில் 60 நிமிடத்தில் 100 வினாக்களுக்கு விடையிறுத்தல் வேண்டும். அவற்றுள் 25 வினாக்கள் ஆங்கிலம் பற்றியன. சரியான விடைக்கு 2 மதிப்பெண். தவறான விடைக்கு அரை மதிப்பெண் கழியும். எனவே ஓர் 'எஸ்' பிழைபட்டால் இரண்டரை மதிப்பெண் வேறுபாடு நேர்கின்றது. இலக்கக் கணக்கினர் எழுதும் தேர்வில் இவ்வேறுபாடு ஒருவனை அலுவலகத்திற்கும் மற்றொருவனை மீண்டும் ஊர்க்கும் அனுப்பவல்லது.

தமிழிலக்கணம் பயின்ற மாணவன் இம்மயக்கத்தைத் தீர்க்கும் திறவுகோலைத் தன் மடியிலேயே முடிந்து வைத்திருக்கின்றான். அதனை எறிந்துவிட்டு வா என்று அவனுக்குக் கற்பித்தல் பெரும்பிழை. இஃது எனது துணிபு. இதனை இயன்றவரை நிறுவுதற்கே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

இத்துணிபு எனக்கு நூலால் மட்டும் வந்ததன்று. எனக்குத் தமையனார் ஒருவர் உளர். திருமங்கலத்தை அடுத்த கரிசற்காட்டு ஊரிலே தமிழ் வழியிற் பயின்று, கணிதத்திற் பட்டம் பெற்றவர். மேற்கூறிய தேர்வை இருமுறை எழுதினார். இருமுறையும் கணக்கு அவரை மேலேற்றிற்று. ஆங்கிலம் கீழே தள்ளிற்று. பின்னர் நகரத்துப் பயிற்சி நிலையம் ஒன்றில் தந்தையார் பருத்தி விற்ற பணத்தைக் கட்டிச் சேர்ந்தார். முதல் நாள் ஆங்கு அவர் கேட்ட அறிவுரை, "தமிழை வாயிற்படியில் விட்டுவிட்டு உள்ளே வாருங்கள்" என்பது. இரண்டாம் நாள் குறுக்கு வழிகள் நாற்பது அச்சிட்ட தாளொன்றைக் கொடுத்தனர். 'ஆஃப்' வந்தால் முன்னே பார். 'ஈச்' வந்தால் ஒருமை. 'நைதர்' வந்தால் பின்னே பார் என்று இவ்வாறே நாற்பதும் சென்றன. ஏன் என்பதற்கு ஒரு சொல்லும் அத்தாளில் இல்லை. நாற்பதையும் அவர் மனனம் செய்தார். தேர்வறையில் நாற்பதும் ஒன்றோடொன்று கலந்தன. மூன்றாம் முறையும் ஊர் திரும்பினார்.

தமிழை வாயிற்படியில் விடுக என்ற அவ்வறிவுரையை நம் முன்னோருட் சிலர் கேட்டிருப்பின் என்னாகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தோன்றிற்று. அவ்வாண்டிலேயே அதன் முதல் பி. ஏ. தேர்வில் தேறியோர் இருவர். இருவரும் யாழ்ப்பாணத்துத் தமிழர். அவருள் ஒருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. அமெரிக்க மிஷனார் வட்டுக்கோட்டையில் 1823-இல் தொடங்கிய கலாசாலையில் ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே பயின்றவர் அவர். அந்த யாழ்ப்பாண மிஷனின் கிளையாகவே 1834-இல் அமெரிக்க மிஷன் நம் மதுரையில் வேரூன்றிற்று என்பதை ஈண்டு நினைவு கூர்தல் தகும். தாமோதரம் பிள்ளை 1868-இல் அச்சிட்டு வெளியிட்ட நூல் யாது? தொல்காப்பியச் சொல்லதிகாரமும் அதற்குச் சேனாவரையர் இயற்றிய உரையுமேயாம். அச்சொல்லதிகாரத்தின் ஒன்பது இயல்களுள் முதலாவதாகிய கிளவியாக்கம் எதனைக் கூறுகின்றது? எழுவாயும் வினையும் திணை, பால், எண், இடங்களில் மயங்காது இயைதலையே கூறுகின்றது. ஆங்கிலத் தேர்வில் முதன்முதல் வென்ற தமிழர், தமிழ் முடிபிலக்கணத்தைக் காத்தளித்தவராகவும் விளங்கினார். அவர் உள்ளத்தில் இரு மொழியும் ஒன்றையொன்று தள்ளவில்லை.

இனி, பொருளினுட் புகுவாம்.

தமிழ்வினை தன் ஈற்றாலேயே எழுவாயைக் காட்டும். வந்தேன், வந்தோம், வந்தாய், வந்தீர், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என ஒரு வினை ஒன்பது வடிவு கொள்ளும். எழுவாயைக் கூறாதொழியினும் வந்தவர் இன்னார் என்பது விளங்கும். ஆங்கிலமோ இவ்வகையில் மிக எளிய மொழி. இறந்த காலத்தில் 'வென்ட்' என்பது எல்லார்க்கும் ஒன்றே. எதிர்காலத்தில் 'வில் கோ' என்பதும் எல்லார்க்கும் ஒன்றே. நிகழ்காலத்தில் மட்டும், அதனினும் படர்க்கை ஒருமைக்கு மட்டும், 'கோஸ்' என ஓர் 'எஸ்' ஏறுகின்றது. 'பீ' என்னும் வினை ஒன்றே 'ஆம்', 'இஸ்', 'ஆர்', 'வாஸ்', 'வேர்' எனப் பலவாகத் திரியும். ஒன்பது ஈற்றை உணவோடு உண்டு வளர்ந்த மாணவன் ஓர் ஈற்றைக் கண்டு அஞ்சுதல் வியப்பன்றோ!

அற்றேல், அவன் அஞ்சுதற்குக் காரணம் என்னையெனின், காரணங்கள் உள. அவற்றைத் தமிழிலக்கணத்தின் துணையால் ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற்காரணம், 'எஸ்' என்னும் எழுத்தின் இருமுகம். பெயரின் இறுதியில் நிற்கும்போது அது பன்மையைக் காட்டும். வினையின் இறுதியில் நிற்கும்போது ஒருமையைக் காட்டும். 'பாய் ரன்ஸ்' என்பது ஒருவன் ஓடுதல். 'பாய்ஸ் ரன்' என்பது பலர் ஓடுதல். பெயரில் 'எஸ்' ஏறினால் வினையில் இறங்கும். வினையில் ஏறினால் பெயரில் இறங்கும். ஏற்றத்தின் இரு முனைபோல ஒன்று தாழ ஒன்று உயரும் என்று கொள்க. தமிழில் பெயர்க்குக் 'கள்' என்பதும் வினைக்கு 'அன' என்பதும் வேறு வேறாதலின் இம்மயக்கம் நமக்கில்லை. இருவேறு விகுதிகள் ஆங்கிலத்தில் ஒரே உருவில் உலவுகின்றன என்று ஒருமுறை உணர்ந்தார்க்கு அச்சம் பாதி தீரும்.

இரண்டாம் காரணம், நம் மரியாதை வழக்கு. யான் ஆறாம் வகுப்பிற் பயின்றபோது என் தந்தையாரைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம் எழுதப் பணித்தனர். "மை ஃபாதர் ஆர் எ ஃபார்மர்" என்று எழுதினேன். தந்தையாரை 'இஸ்' என்பது அவரை 'அவன்' என்பதுபோல் என் செவிக்குப் பட்டது. சிவப்பு மையால் ஒரு கோடு விழுந்தது. விளக்கம் ஒன்றும் வரவில்லை. நெடுநாள் கழித்து நன்னூற் பொதுவியலைப் பாடங்கேட்டபோதே அக்கோட்டின் பொருள் எனக்குப் புலனாயிற்று. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிலும் மயங்குதலை வழு என்றார் பவணந்தியார். வழுவேயாயினும் காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவதை வழுவமைதி என்றனர். ஒருவரை உயர்வு கருதிப் பன்மையாற் கூறுதல் அத்தகையது. நம் தமிழ் வேதாகமத்தில் 'தேவன்' என்னும் ஆண்பால் ஒருமைப் பெயர் 'ஆர்' ஈற்று வினையைக் கொண்டு முடிதலை நாம் ஆலயத்திற் கேட்டே வளர்ந்தோம். ஆங்கிலத்திலோ படர்க்கையில் இவ்வமைதி இல்லை. இறைவனுக்கும் 'இஸ்', எறும்புக்கும் 'இஸ்'. என் குற்றம் அறியாமையால் நேர்ந்ததன்று. ஒரு மொழியின் வழுவமைதியை மற்றொரு மொழியில் வைத்தமையால் நேர்ந்தது. இதனை அன்று ஒருவர் எடுத்துரைத்திருப்பின், என் தமிழுணர்வே என் ஆங்கிலத்தைத் திருத்தியிருக்கும்.

ஆங்கிலத்திற்கும் ஒரு வழுவமைதி உண்டென்பதை ஈண்டே கூறிவிடுதல் நன்று. பழைய ஆங்கிலத்தில் ஒருவனை நோக்கித் 'தௌ' என்றும் பலரை நோக்கி 'யூ' என்றும் கூறினர். நாளடைவில் நாம் நீ என்னாது நீர், நீங்கள் என்பதுபோல, அவரும் மரியாதை கருதி ஒருவனையே 'யூ' என்றனர். பின்னர் 'தௌ' வழக்கொழிந்தது. ஆதலின் எதிரே நிற்பவன் ஒருவனேயாயினும் 'யூ ஆர்' என்று பன்மை வினையே கூறுகின்றனர். 1611-இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில் 'தௌ ஆர்ட்' என்னும் பழைய முடிபையும், 'எஸ்' வரவேண்டிய இடத்தில் 'மேக்கெத்' என்றாற்போல 'எத்' வருதலையும் இன்றும் காணலாம். நாம் வியக்கும் 'எஸ்' வடநாட்டு ஆங்கிலத்திலிருந்து பரவிப் பிற்காலத்தில் நிலைபெற்றதே. முடிபு என்பது வானினின்று இறங்கியதன்று. வழங்குவோர் நாவில் வளர்ந்தது.

மூன்றாம் காரணமே தலையாயது. தேர்வினர் வைக்கும் பொறிகளுட் பெரும்பாலன இதனுள் அடங்கும். ஆங்கிலத்தில் எழுவாய்க்கும் வினைக்கும் இடையே அயலார் பலர் வந்து புகுவர். ஓர் எடுத்துக்காட்டுக் காண்க: "த வாட்டர் இன் த டேங்க்ஸ் ஆஃப் தீஸ் வில்லேஜஸ்" என்று தொடங்கும் வாக்கியத்தில் அடுத்து வருவது 'இஸ்' என்பதோ, 'ஆர்' என்பதோ? கண்முன் நிற்பது 'வில்லேஜஸ்'; அதன்முன் 'டேங்க்ஸ்'; இரண்டும் பன்மை. விரைந்து செல்லும் மாணவன் 'ஆர்' என்று குறித்துவிட்டு அரை மதிப்பெண்ணையும் இழப்பான்.

இனி இதனையே தமிழிற் கூறுக: "இவ்வூர்களின் கண்மாய்களிலுள்ள நீர் குறைந்திருக்கின்றது." நீர் எங்கே நிற்கின்றது? வினையை ஒட்டி நிற்கின்றது. ஊர்களும் கண்மாய்களும் எங்கே? முன்னே சென்று அடைமொழியாய் ஒதுங்கின. தமிழில் அடை முன்னும் அடைகொண்ட பெயர் பின்னும் வருதலின், பெரும்பான்மை வாக்கியங்களில் உண்மையான எழுவாய் வினைக்கு அண்மையில் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் இத்தகைய அடைகள் பெயர்க்குப் பின் வருதலின் எழுவாய் வினையைவிட்டு அகன்றுபோகும். ஆகவே ஐயம் நேர்ந்தவிடத்து வாக்கியத்தைத் தமிழ் முறையில் திருப்பிப் போடுக. வினையை ஒட்டி வந்து நிற்கும் பெயர் எதுவோ அதுவே எழுவாய். 'எ பாஸ்கெட் ஆஃப் மேங்கோஸ்' என்பது மாம்பழக் கூடை. கூடை ஒன்று, ஆதலின் 'இஸ்'. 'த குவாலிட்டி ஆஃப் த ரோட்ஸ்' என்பது சாலைகளின் தரம்; தரம் ஒன்று, ஆதலின் 'இஸ்'. நாற்பது குறுக்கு வழிகளுட் பாதி இவ்வொரு வழியில் அடங்கிவிடும்.

விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தபோது கண்மாய்க் கரையில் அமர்ந்து இதனை என் தமையனார்க்குக் கூறினேன். முந்தைய ஆண்டு வினாத்தாளை எடுத்துவரச் செய்து, பிழை கண்டுபிடிக்கும் வாக்கியங்களைத் தமிழில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "இவ்வளவுதானா தம்பி? இதை யாரும் சொல்லவில்லையே" என்றார். அச்சொற்களில் மகிழ்ச்சியினும் மூன்று ஆண்டுகளின் வருத்தமே மிக்கிருந்தது. அவ்வருத்தமே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று.

இம்மூன்றனோடு ஒட்டிய சில நுட்பங்களையும் சுருங்கக் கூறுவேன்.

"தந்தையும் மக்களும் வந்தனர்" என்கின்றோம். "மக்களோடு தந்தை வந்தான்" என்றும் கூறலாம். முன்னது எண்ணும்மை, இருபாலாரும் எழுவாயாயினர். பின்னது மூன்றாம் வேற்றுமையின் உடனிகழ்ச்சிப் பொருள். மக்கள் உடன் வந்தனரேயன்றி எழுவாய் ஆகவில்லை. ஆங்கிலத்தில் 'அண்ட்' என்பது நமது உம்மை. 'வித்', 'அலாங் வித்', 'டுகெதர் வித்' என்பன நமது ஓடு உருபு. 'ஆஸ் வெல் ஆஸ்' என்பதையும் தேர்வினர் இவ்வினத்திலேயே சேர்ப்பர். ஆதலின் 'த ஃபாதர் அண்ட் த சன்ஸ்' என்பதற்கு 'ஆர்'. 'த ஃபாதர் வித் ஹிஸ் சன்ஸ்' என்பதற்கு 'இஸ்'. வேற்றுமையியல் கற்ற மாணவனுக்கு இதனை மனனம் செய்ய வேண்டுவதில்லை.

'கமிட்டி' என்பது ஒருமையோ பன்மையோ என்னும் வினா மற்றொன்று. குழு, அரசு முதலிய சொற்கள் மக்களைக் குறித்தனவாயினும் அஃறிணைபோல முடியும் என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே வரைந்து வைத்தார். குழு கூடியது, அரசு ஆணையிட்டது என்றே நாமும் எழுதுகின்றோம். அமெரிக்கர் 'கமிட்டி ஹாஸ்' என்று ஒருமையே பெரிதும் வழங்குவர். இங்கிலாந்தினர் உறுப்பினரைத் தனித்தனியே கருதுமிடத்துப் 'ஹாவ்' என்றும் கூறுவர். தொகுதியாகக் காணின் ஒருமை, உறுப்பாகக் காணின் பன்மை என்பது கருத்து.

'ஷீப்' என்னும் சொல் ஓர் ஆட்டிற்கும் பல ஆட்டிற்கும் ஒன்றே. 'ஷீப் இஸ்' எனின் ஒன்று. 'ஷீப் ஆர்' எனின் பல. இது விந்தையோ? மரம் வளர்ந்தது, மரம் வளர்ந்தன என்று பால்பகா அஃறிணைப் பெயரை நாம் வினையாற் பகுத்துணர்தல் இதனோடு ஒக்கும்.

'கேன்', 'மே', 'மஸ்ட்' என்னும் துணைவினைகள் 'எஸ்' ஏலா. 'ஷீ கேன்ஸ்' என்பது வழு. ஏனெனின் என்பார்க்கு, வேறு, இல்லை, உண்டு என்பன ஐம்பால் மூவிடத்திற்கும் பொதுவாய் நிற்றலை நினைவூட்டுக. நான் இல்லை, அவன் இல்லை, அவை இல்லை என்று ஈறு திரியாமலே கூறுகின்றோமன்றோ? எல்லா மொழியிலும் முடிபுக்கு அடங்காத சொற்கள் சில உள.

இனி, தமிழ் துணை செய்யாத இடங்களையும் மறையாது கூறுதல் கடமை. 'ஐதர்', 'நைதர்' என்பவற்றோடு வரும் பெயர்கள் எண்ணால் வேறுபடின், வினைக்கு அண்மையிலுள்ள பெயரை நோக்கி ஆங்கில வினை முடியும் என்பதே தேர்வினர் கொள்ளும் விதி. பல திணை விரவிய எழுவாய்க்குச் சிறப்பு, மிகுதி, இழிவு என்பவற்றால் முடிபு கொள்ளுவது நம் நன்னூல் நெறி. "பாண்டியனும் யானையும் தேரும் வந்தனர்" என்புழிச் சிறப்பால் உயர்திணை முடிபு வந்தது. நாம் தகுதியை நோக்குகின்றோம். ஆங்கிலம் அண்மையை நோக்குகின்றது. ஈண்டு ஒப்புமையை விட்டு வேற்றுமையையே நினைவில் வைத்தல் வேண்டும். நம் பெயரெச்சமும் பால் காட்டாது. வந்த மாணவன், வந்த மாணவர் என ஒன்றாகவே நிற்கும். ஆயின் ஆங்கிலத்தில் 'ஹூ' என்பதன் பின் வரும் வினையும் எண் காட்டும். 'ஒன் ஆஃப் த பாய்ஸ் ஹூ' என்பதன் பின் வினை யாதென ஐயுறுவார், "மேலூரிலிருந்து வரும் மாணவர்களுள் ஒருவன்" என்று தமிழாக்கி, வரும் என்பது மாணவர்களைத் தழுவுதலைக் கண்டு பன்மை இடுக. மேலும், "அவர் உழவர்" என்று வினையின்றியே நாம் வாக்கியத்தை முடிப்போம். ஆங்கிலம் ஆங்கு ஓர் 'இஸ்' இன்றி நில்லாது. இவற்றையெல்லாம் பயிற்சியாலேயே பெறுதல் கூடும். இலக்கணம் பயிற்சியை விலக்குவதன்று. பயிற்சி வீணாகாமற் காப்பது.

"தமிழிலக்கணமே அறியாத மாணவர்க்கு அதன்வழி ஆங்கிலம் கற்பித்தல் குருடன் குருடனுக்கு வழிகாட்டுவது ஆகாதோ?" என்று ஒருவர் வினவலாம். வினா நேரியதே. "மாடுகள் வந்தது", "கடைகள் மூடப்பட்டது" என்று பேசுவதோடமையாது எழுதவும் தொடங்கிவிட்டோம். வந்தன, மூடப்பட்டன என்னும் பலவின்பால் ஈறு நம் நாவினின்று நழுவி வருகின்றது. தன் மொழியில் எண் பிறழ்தலை உணராதவன் செவி, பிற மொழியில் எண் பிறழ்தலை எங்ஙனம் உணரும்? ஆதலின் தமிழ் வகுப்பில் "மாடுகள் வந்தன" என்று எழுதச் செய்வதும் ஆங்கிலத் தேர்வுக்கு ஆயத்தம் செய்வதேயாகும். தமிழ் மதிப்பெண் எதற்கு என்று இகழும் நண்பர்கள் இதனைக் கருதுவாராக.

"தேர்வறையில் ஒரு வினாவுக்கு ஒரு நிமிடமும் இல்லை; திருப்பிப் போட்டுப் பார்க்க நேரமேது?" என்பார் மற்றொருவர். தொடக்கத்தில் நேரம் செல்லும் என்பது மெய். மிதிவண்டி பழகுவோன் முதல் வாரம் ஒவ்வோர் அசைவையும் எண்ணியே செய்கின்றான். பின்னர் எண்ணாமலே செல்கின்றான். எழுவாயைத் தேடிப் பழகிய கண்ணும் அத்தகையது.

ஓர் உண்மையை மறத்தல் கூடாது. ஓர் 'எஸ்' விட்டுப்போனமையால் ஒருவன் அறிவிலி ஆகான். இங்கிலாந்திலேயே 'வீ வாஸ்' என்று பேசும் வட்டார மக்கள் உளர். அவரைப் புரிந்துகொள்ள எவரும் இடர்ப்படுவதில்லை. தேர்வு கேட்பது திருந்திய எழுத்து வழக்கு ஒன்றையே. அதனை உரிய அளவில் மதித்துக் கற்போம். அதனால் நம்மை நாமே தாழ்த்திக்கொள்ளோம். தமிழ் வழியிற் பயின்று வரும் தம்பியரும் தங்கையரும் முதலில் கேட்கவேண்டிய மொழி இதுவே.

முடிவாக, நம் கல்லூரியார்க்கு ஒரு விண்ணப்பம். தமிழ்த் துறையும் ஆங்கிலத் துறையும் ஒரே மரநிழலில் இருந்தும் பாட வேளையில் ஒன்றையொன்று காண்பதில்லை. வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம், இருதுறை ஆசிரியரும் ஒரே அறையில் அமர்தல் வேண்டும். முதற்பாதியில் நன்னூலினின்றோ தொல்காப்பியத்தினின்றோ முடிபு பற்றிய ஒரு விதி. பிற்பாதியில் அதற்கியைந்த ஆங்கிலத் தேர்வு வாக்கியங்கள் பத்து. இதற்குப் பெரும்பொருள் வேண்டா. கரும்பலகை ஒன்றும் பழைய வினாத்தாள்களும் போதும். தமிழ்ச் சிறப்புப் பாடம் பயிலும் யாம் எம் பங்கிற்கு உடனிருந்து துணை செய்ய ஆயத்தமாக உள்ளோம். வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் பணிபுரியும் பழைய மாணவர்கள் திங்கட்கு ஒருவராக வந்து, தாம் இடறிய இடங்களை உரைப்பாராயின் அதனினும் சிறந்த உதவி பிறிதில்லை. எம் ஊர்களில் பருத்தி விற்ற பணம் காரணம் கூறாத தாள்களுக்குச் செலவாதல் இனியேனும் குறையும்.

என் தமையனார் நான்காம் முறை தேர்வெழுத விண்ணப்பித்துள்ளார். பயன் எவ்வாறாயினும், இம்முறை அவர் தமிழை வாயிற்படியில் விட்டுச் செல்லார். என் தந்தையார் இன்றும் உழவரே. ஆங்கிலத்தில் அவரைக் குறித்து 'இஸ்' என்று எழுதக் கற்றேன். தமிழில் 'உழுகின்றார்' என்றே எழுதுகின்றேன். இரண்டும் வழுவல்ல என்பதை எனக்கு உணர்த்தியது நன்னூல்.